செங்கல் வரிசை வீடும் ஒரு பின்வாசல் கேள்வியும்

போன மாதம் எங்கள் வகுப்பில் ஒரு செமினார். நண்பன் ஒருவன் இங்கிலாந்தின் பழைய செங்கல் வரிசை வீடுகளைப் பற்றி இருபது ஸ்லைடு போட்டான். சிவப்புச் செங்கல், வெள்ளைச் சட்டம் போட்ட ஜன்னல், கூரை மேல் வரிசையாகப் புகைபோக்கிகள், வாசலில் பூந்தொட்டி. “எவ்ளோ க்யூட்டா இருக்குல்ல” என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல். எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான்.

கேள்வி நேரத்தில் வகுப்புத் தோழி ஒருத்தி எழுந்து, “இந்த வீட்டுக்குப் பின்வாசல் எங்க இருக்கு?” என்று கேட்டாள். நண்பன் ஸ்லைடை முன்னே தள்ளினான், பின்னே தள்ளினான். இருபது ஸ்லைடிலும் முன்பக்கம்தான். “பின்னாடிதான் இருக்கும்” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டான். எல்லோரும் சிரித்தோம், மணி அடித்தது.

அன்று ராத்திரி தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த வீட்டுக்குப் பின்வாசலே கிடையாது. பின்பக்கமே கிடையாது. அதிலிருந்து இரண்டு வாரமாக இந்த வீடுகள் மண்டைக்குள் குடியிருக்கின்றன. இறக்கி வைக்கத்தான் இந்தக் கட்டுரை.

ஸ்லைடில் இருந்தது பர்மிங்ஹாம் நகரத்தில், ஹர்ஸ்ட் தெரு முனையில் இருக்கும் ‘கோர்ட் 15’ என்கிற வீட்டுத் தொகுதி. 1802க்கும் 1831க்கும் இடையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியது. மொத்தம் 11 வீடுகள். இந்த வகை வீட்டுக்கு ஆங்கிலத்தில் ‘பேக் டு பேக்’ என்று பெயர். முதுகோடு முதுகு ஒட்டிய வீடு.

எப்படி என்றால், நீளமான ஓட்டு வீடு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் நடு உச்சிக்கு நேர் கீழே, நீளவாக்கில் ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் தெருவைப் பார்த்த வீடு, அந்தப் பக்கம் உள்முற்றத்தைப் பார்த்த வீடு. இரண்டிலும் வேறு வேறு குடும்பம். பிறகு குறுக்கே வெட்டி வெட்டி வரிசையாக்கிவிட்டால் ஒவ்வொரு வீட்டுக்கும் நான்கு சுவரில் மூன்று பக்கத்து வீட்டுக்காரனோடு பங்கு. மிச்சமிருக்கும் ஒரே ஒரு சுவரில்தான் வாசல், அதில்தான் ஜன்னல். தளத்துக்கு ஓர் அறை வீதம் மூன்று தளம். கீழே அடுப்பும் சாப்பாடும் எல்லாமும். மேலே படுக்கை. அதற்கும் மேலே படுக்கையோ பட்டறையோ. மூன்று தீப்பெட்டியை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, உள்ளே திருகுமரைபோல் ஒரு குறுகல் படிக்கட்டு வைத்தால் வீடு முடிந்தது.

கழிப்பிடம், துணி துவைக்கும் கொட்டகை எல்லாம் முற்றத்தில், எல்லோருக்கும் பொது. தெருவைப் பார்த்த வீட்டுக்காரர்கள் அங்கே போக வேண்டுமென்றால் வாசல் வழியாகத் தெருவில் இறங்கி, வரிசைக்கு நடுவே இருக்கும் குகை மாதிரிச் சந்து வழியாக முற்றத்துக்குள் நுழைய வேண்டும். ராத்திரி, மழை, பனி, கையில் குழந்தை, எதுவானாலும் இதே வழிதான். பொதுவாகத் தெரு வீட்டுக்கு வாடகை கூட, முற்றத்து வீட்டுக்குக் குறைவு. தெருப்பக்கம் பார்ப்பதற்குக் கூடுதல் வாடகை கொடுத்தவர் கழிப்பிடத்துக்குக் கூடுதல் தூரம் நடந்திருக்கிறார். (துவைக்கும் கொட்டகையை அந்த ஊர்க்காரர்கள் ‘ப்ரூவஸ்’ என்பார்களாம். பீர் காய்ச்சும் இடத்துக்கான சொல். வீட்டுக்கு வீடு துவைக்கும் முறைநாள் உண்டு.)

இப்போது மறுபடி அந்த ‘க்யூட்’ படத்தைப் பாருங்கள். தெருவில் நின்று பார்க்கிறவருக்கு இதில் எதுவுமே தெரியாது. இந்த வகை வீட்டின் கட்டடக்கலை முகப்பில் இல்லை, ப்ளானில் இருக்கிறது. நம் பாடப்புத்தகங்களோ முகப்பைத்தான் காட்டுகின்றன. என் புகார் இதுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

முதலில் செங்கல்லைப் பேசிவிடுவோம். நமக்குப் பிடித்த சமாசாரம். நம்மூர்க் கொத்தனாரிடம் கேட்டால் ‘ஒன்பது இஞ்ச் சுவர்’, ‘நாலரை இஞ்ச் சுவர்’ என்று இரண்டு வகை சொல்வார். கல்லின் நீளம் ஒன்பது இஞ்ச், அகலம் நாலரை. எல்லாக் கல்லையும் நீளவாக்கில் ஒரே வரிசையாக வைத்தால் நாலரை இஞ்ச் சுவர். இரண்டு வரிசை வைத்து, நடுநடுவே குறுக்கே கல் போட்டுப் பிணைத்தால் ஒன்பது இஞ்ச். இங்கிலாந்துக் கணக்கும் இதேதான் (நமக்கு வந்ததே அங்கிருந்துதான்). ஒரே வரியில் நீளப்பக்கம், தலைப்பக்கம், நீளப்பக்கம், தலைப்பக்கம் என்று மாறி மாறித் தெரிந்தால் அது ஃப்ளெமிஷ் கட்டு. பார்க்க அழகு, 18ஆம் நூற்றாண்டில் அங்கே நாகரிகமும் அதுதான்.

இதில் ஒரு தில்லுமுல்லு உண்டு. தலைப்பக்கம் தெரிகிறதென்றால் கல் சுவருக்குள் முழுசாகப் போய்ப் பிணைக்கிறது என்று நாம் நம்புவோம். ஆனால் அந்தக் காலத்துக் கட்டுமானக்காரர்கள் பல இடங்களில் கல்லைப் பாதியாக உடைத்து, அந்தப் பாதியை மட்டும் முகப்பில் ஒட்டிவிடுவார்கள். வெளியே ஃப்ளெமிஷ் கட்டு, உள்ளே மட்டமான கல், இரண்டுக்கும் நடுவே பிணைப்பே சரியாக இருக்காது. லண்டனின் பெரிய மனிதர் தெருக்களிலேயே இந்த வேலை நடந்திருக்கிறது. ஏழை வீட்டைச் சொல்ல வேண்டுமா!

ஏன் இப்படிக் கட்டினார்கள்? கஞ்சத்தனம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் அது முழுக் காரணம் இல்லை. மான்செஸ்டர் தொழிலாளர் குடியிருப்புகளைச் சுற்றிப் பார்த்து ஏங்கல்ஸ் 1845இல் வெளியிட்ட புத்தகத்தில் செங்கல் அடுக்கும் முறையைப் படம் போட்டே காட்டியிருக்கிறார். (அரசியல் புத்தகம் என்று நினைத்து எடுத்தேன், உள்ளே நம்ம சிலபஸ்!) முன்பு கட்டிய சுவர் எப்படி, பின்னால் கட்டிய மெல்லிய சுவர் எப்படி என்று ஒப்பிட்டுவிட்டு, காரணம் நிலக்குத்தகையில் இருக்கிறது என்கிறார். நிலம் ஒருவருடையது, அதைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுத்து வீடு கட்டுகிறவர் இன்னொருவர். குத்தகை முடிந்ததும் நிலத்தோடு கட்டடமும் நிலக்காரருக்குப் போய்விடும். அப்படியானால் குத்தகைக் காலத்தைத் தாண்டி நிற்கிற சுவரை எவன் கட்டுவான்? நாற்பது வருடக் குத்தகைக்கு நாற்பது வருடச் சுவர். சுவரின் தடிமனைத் தீர்மானித்தது எஞ்சினியர் இல்லை, பத்திரம் எழுதியவர்.

இதோடு செங்கல்லுக்கு வரி வேறு. 1784இல் ஆயிரம் கல்லுக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ் என்று ஆரம்பித்து, பிறகு ஏற்றிக்கொண்டே போனார்கள். எண்ணிக்கைக்குத்தானே வரி என்று சிலர் கல்லைப் பெரிசாக்கினார்கள். 1803இல் 150 கன இஞ்ச்சுக்கு மேல் போனால் இரட்டை வரி என்று அரசாங்கம் அதற்கும் ஒரு பூட்டுப் போட்டது. 1850இல்தான் வரியை எடுத்தார்கள். கோர்ட் 15இன் ஒவ்வொரு கல்லும் வரி கட்டிய காலத்துக் கல். பங்குச் சுவர் வைத்தால் இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர் மிச்சம். முதுகோடு முதுகு ஒட்டினால் இன்னொரு சுவரும் மிச்சம், நிலமும் மிச்சம். வரிசை வீடு என்பது முதலில் ஒரு கூட்டல் கழித்தல் கணக்கு.

அதற்காகக் கல்லை மிச்சப்படுத்துவதே பாவம் என்று சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் லாரி பேக்கர் என் கனவில் வந்து திட்டுவார். அவர் பிறந்தது இதே பர்மிங்ஹாமில், 1917இல். கட்டடக்கலை படித்ததும் அதே ஊரில். பிறகு இந்தியா வந்து, கேரளத்தில் அவர் பரப்பிய ‘எலிப்பொறி’ கட்டு நமக்கெல்லாம் தெரியும். கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. ஒன்பது இஞ்ச் சுவர்தான், ஆனால் சுமார் கால்பங்கு கல் மிச்சம். நடுவில் இருக்கும் காற்று வெயிலையும் தடுக்கும். இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டிலேயே எளிய குடிசை வீடுகளுக்குப் புழங்கிய முறைதான் அது. ஆக, சிக்கனத்திலும் இரண்டு வகை உண்டு. பேக்கர் கல்லில் மிச்சம் பிடித்தார். கோர்ட் கட்டியவர்கள் காற்றில், வெளிச்சத்தில், தண்ணீரில் மிச்சம் பிடித்தார்கள். அந்த மிச்சம் குடியிருப்பவர் சட்டைப்பைக்குப் போகவில்லை.

மறுபக்கமும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வகுப்பில் மடக்குவார்கள். ஒரே ஒரு வெளிச்சுவர் என்பதால் குளிர்காலத்தில் இந்த வீடுகளுக்குக் கரி குறைவாகத்தான் செலவாகும், சுற்றிலும் இருக்கிற வீடுகளின் சூடு உள்ளே நிற்கும். நிலவறைகளிலும் பெரிய கட்டடங்களின் ஒற்றை அறைகளிலும் பல குடும்பங்கள் அடைந்து கிடந்த காலத்தில், எவ்வளவு சின்னதானாலும் தனக்கென்று ஒரு வாசல் என்பது சின்ன விஷயம் இல்லை. லீட்ஸ் நகரத்தில் இதே வகை வீட்டை 1937 வரை கட்டிக்கொண்டே இருந்தார்கள். 1909இல் நாடு முழுக்கச் சட்டம் போட்டுத் தடுத்த பிறகும், முன்பே அனுமதி வாங்கியதை வைத்து ஓட்டினார்கள். அந்த வீடுகளில் இன்றும் ஆயிரக்கணக்கானவர்கள் குடியிருக்கிறார்கள், நன்றாகவே இருக்கிறார்கள். ஆனால் அங்கே 1866இலேயே ஒரு தொகுப்புக்கு எட்டு வீட்டுக்கு மேல் கூடாது என்று விதி வந்துவிட்டது. அதனால் தொகுப்புக்கு நடுவே இடைவெளி, அந்த இடைவெளியில் கழிப்பிடம், பிறகு வந்த வீடுகளில் வாசலில் சின்னதாகத் தோட்டம். வடிவம் ஒன்றுதான், அளவுக்கும் இடைவெளிக்கும் ஒரு விதி வந்ததும் அது வேறு வீடாகிவிட்டது. எனக்கு இதில் பெரிய பாடமே இருக்கிறது, ஆனால் இதை ஒரு பக்கத்துக்குமேல் எழுதினால் நீங்கள் ஓடிவிடுவீர்கள்.

சரி, இந்த மாதிரி வீடுகளை என்ன செய்வது? இடிப்பதா, வைத்துக்கொள்வதா? செமினாருக்குப் பிறகு கேண்டீனில் இதைப் பேசியபோது ஒருவன், “சேரி வீட்டைப் போய் யாராவது பாதுகாப்பாங்களா? இடிச்சிட்டு நல்ல வீடு கட்டிக் குடுக்கலாமே” என்றான். நியாயமான கேள்வி. பர்மிங்ஹாமில் அதைத்தான் செய்தார்கள். நகரம் முழுக்க இருந்த ஆயிரக்கணக்கான வீடுகளை 20ஆம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளினார்கள். கோர்ட் 15இலும் குடியிருக்கத் தகுதியில்லை என்று 1966இல் ஆட்களை வெளியேற்றிவிட்டார்கள். தரைத்தளத்தில் கடைகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்ததால்தான் கட்டடம் பிழைத்தது. கரீபியன் தீவிலிருந்து வந்த தையல்காரர் ஒருவர் 2001 வரை அங்கே கடை வைத்திருந்தார். நகரத்தில் கடைசியாக மிஞ்சிய முற்றம் இது என்று தெரிந்து, 1988இல் பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் சேர்த்தார்கள். பழுது பார்த்து 2004இல் நேஷனல் ட்ரஸ்ட் அமைப்பு பொதுமக்களுக்குத் திறந்தது. 1840களில் குடியிருந்த, கடிகார முள் செய்கிற ஒரு யூதக் குடும்பம், 1870களில் கண்ணாடிக் கண் செய்கிறவரின் பெரிய குடும்பம், 1930களில் பூட்டுச் செய்கிற குடும்பம் என்று ஒவ்வொரு வீட்டையும் ஒவ்வொரு காலத்தில் நிறுத்திக் காட்டுகிறார்கள்.

அதே தொகுதியில் இரண்டு வீடுகளை இன்றைய வசதிகளோடு சுற்றுலாப் பயணிகள் தங்கும் வாடகை வீடாகவும் மாற்றினார்கள். இதைப் படித்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. தகுதியில்லாத வீடு என்று ஆட்களைக் கிளப்பிவிட்டு, அதே வீட்டில் ஒரு ராத்திரி படுக்கக் காசு வாங்குவதா? இரண்டு நாள் யோசித்த பிறகு கோபம் கொஞ்சம் இறங்கியது. காவலுக்கும் பராமரிப்புக்கும் காசு எங்கிருந்தாவது வர வேண்டும். அந்தத் திருகுப் படியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவருக்கு எந்த அருங்காட்சியகப் பலகையும் சொல்ல முடியாத ஏதோ ஒன்று புரியும். ஆனாலும் முழுசாக இறங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதற்கு நேரெதிர் உதாரணம் டெர்பி ரயில்வே குடியிருப்பு. நார்த் மிட்லேண்ட் ரயில்வே தன் ஊழியர்களுக்காக 1840களின் ஆரம்பத்தில் ஸ்டேஷன் பக்கத்திலேயே கட்டிய செங்கல் வரிசைகள். முக்கோணமாக வளைந்து ஒரு மூலையில் மதுக்கடையோடு முடியும். வரைந்தவர் அந்த ரயில்வேயின் ஸ்டேஷன்களை வரைந்த ஃப்ரான்சிஸ் தாம்சன். 1970களில் சாலைக்காக இதையும் இடிக்கப் பார்த்தார்கள். உள்ளூர்க்காரர்கள் சண்டை போட்டார்கள். கடைசியில் டெர்பிஷயர் வரலாற்றுக் கட்டட அறக்கட்டளை 1979இல் ஐம்பதுக்கும் மேற்பட்ட வீடுகளை வாங்கி, பழுது பார்த்து, திரும்பவும் வீடாகவே விற்றது. அருங்காட்சியகம் இல்லை, கயிறு கட்டித் தடுக்கவில்லை. உள்ளே மனிதர்கள், கொடியில் துணி.

பலர் டெர்பி வழிதான் சரி என்பார்கள். டெர்பிக்கு அது சரி. நல்ல வீடாகக் கட்டியது, நல்ல வீடாகத் தொடரட்டும். ஆனால் கோர்ட் 15ஐ அப்படிச் செய்ய முடியாது. அதை நல்ல வீடாக்க வேண்டுமென்றால் நடுச்சுவரை உடைத்து முன்வீட்டையும் பின்வீட்டையும் ஒன்றாக்க வேண்டும். உடைத்தால் அந்த வீட்டின் கதையே போய்விடும், முகப்பு மட்டும் நிற்கும். அந்த நடுச்சுவர்தான் சாட்சி. அரண்மனைகளைப் பத்திரமாக வைத்திருக்கிறோம், கோயில்களை வைத்திருக்கிறோம், மோசமாகக் கட்டிய வீட்டை மட்டும் வெட்கப்பட்டு இடித்துவிடுகிறோம். நூறு வருடம் கழித்துப் படிக்கிறவனுக்கு அந்தக் காலத்தில் எல்லோரும் நன்றாக இருந்ததாகத்தான் தோன்றும். அதனால் கேண்டீன் நண்பனுக்கு என் பதில்: இடி, நல்ல வீடு கட்டிக் கொடு, ஆனால் ஒரு முற்றத்தை மட்டும் அப்படியே விட்டு வை. நடுச்சுவரோடு.

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை, நமக்கென்ன என்று தோன்றினால் இன்னும் ஒரு விஷயம். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நம் மொழி பேசுகிற தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீட்டுக்கு லயன், லயம் என்று பெயர். ஆங்கிலத்தில் வரிசையைக் குறிக்கும் ‘லைன்’ என்ற சொல்தான் அது. பிரிட்டிஷ் காலத்துத் தோட்டத் துரைமார் கட்டியவை. பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு காம்பிரா, முன்னால் சின்னத் திண்ணை, மேலே தகரம். அதில் ஒரு வகை, நடுவே ஒற்றைச் சுவர், சுவருக்கு இருபுறமும் முதுகோடு முதுகாக அறைகள். பின்வாசல் கிடையாது. பர்மிங்ஹாம் ப்ளானைப் பார்த்துத்தான் வரைந்தார்கள் என்று நான் சொல்லவில்லை, அதே கணக்குப் போட்டால் அதே விடைதான் வரும். இங்கிலாந்தில் 1909இல் சட்டம் போட்டுத் தடுத்த அமைப்பு. மலையகத்தில் லயன்கள் வெறும் பழைய கதை ஆகிவிடவில்லை. இன்றும் பல குடும்பங்கள் அதில் வாழ்ந்துகொண்டிருக்கின்றன.

செமினார் போட்ட நண்பனிடம் இதையெல்லாம் சொன்னேன். முதலில், “மார்க்கு வந்துருச்சு, விடுடா” என்றான். பிறகு அவனே ஹாஸ்டலுக்கு வந்து, கோர்ட் 15இன் ப்ளானை என் நோட்டிலிருந்து பார்த்து வரைந்துகொண்டு போனான். அடுத்த முறை போடும்போது முதல் ஸ்லைடிலேயே அதைப் போடுவதாகச் சொல்லியிருக்கிறான். பின்வாசல் கேள்வி கேட்ட தோழியை முன்வரிசையில் உட்காரச் சொல்லியிருக்கிறோம்.